குழாயின் தடிமன்

மறுபடியும் ரோட்டார் குளிரவில்லை.

லெனின்கிராட் ஆய்வு நிலையத்தின் சோதனைக் கூடத்தில் ரிம்மா போரிசோவ்னா அளவுமானியை முறைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்கோவில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய திரவ ஹீலியம், புது மின்னாக்கியின் சுழலும் பாகமான அந்த ரோட்டாருக்குள் போன வேகத்திலேயே ஆவியாகி வெளியே சீறியது. உள்ளிருக்கும் மீக்கடத்திச் சுருள் கடுங்குளிரில்தான் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும். சற்றே சூடேறினாலும் அது வெறும் கம்பி.

அந்தச் சுருளைத் தாங்கிச் சுழல்தண்டோடு பிணைப்பது ஓர் எஃகுக் குழாய். அது தடித்தால் வெளிச்சூடு அதன் வழியே உள்ளே ஏறும்; மெலிந்தால் சுழலும்போது வரும் முறுக்கு விசையைத் தாங்காமல் கிழியும். குளிரூட்டுவது ரிம்மாவின் பொறுப்பு. குழாய் அவள் புருஷன் கெர்மன் இலியிச்சின் பொறுப்பு. குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டைதான்.

வெப்பமானிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சூடு குழாய்ப் பக்கமிருந்துதான் வந்தது. கணக்கைவிட மிக அதிகமாக.

"கெர்மன் இலியிச், கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

அந்த மரியாதையான 'வர்றீங்களா'வைக் கேட்டதுமே கெர்மன் தயங்கித் தயங்கி வந்தான்.

"குழாய் என்ன தடிமன்?"

"வரைபடத்துல இருக்கே."

"வரைபடம் எனக்கும் தெரியும். உள்ள இருக்கிறதக் கேக்கிறேன்."

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கொஞ்சம் கூட்டினேன். ஷார்ட் சர்க்யூட் ஆச்சுன்னா முறுக்கு எங்கயோ போயிடும். பிச்சுக்கிட்டு வந்தா இந்தக் கூரை மிஞ்சாது, ரிம்மா."

"ஒரே கட்டில்லதானே படுக்கிறோம்? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சொல்லியிருந்தா சம்மதிச்சிருப்பியா?"

"மாட்டேன்!"

"அதான் சொல்லல."

சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் தீகன் சவ்விச் வந்தார். "உங்க வீட்டுப் பஞ்சாயத்தை என்கிட்ட கொண்டுவராதீங்க. புதுக் குழாய் கேட்டா தொழிற்சாலைக்காரன் ஒரு வருஷம் இழுத்தடிப்பான். இருக்கிறத வெச்சு ஏதாவது செய்யுங்க."

டிராமில் இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

ரோட்டாரைப் பிரித்த அன்று, வெளியே எடுத்த குழாயை ரிம்மா சுற்றிச் சுற்றி வந்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சல் பொங்கியது.

"இது குழாயா, பீரங்கியா? இந்தச் சுவருல வாய்க்காலே வெட்டலாம்!"

சொன்னவள் அப்படியே நின்றாள். கெர்மனும் நிமிர்ந்தான். வீணாக வெளியேறிய ஹீலிய ஆவி இன்னும் கடுங்குளிராகத்தான் இருந்தது. குழாயின் மேல் சுருள் சுருளாக வாய்க்கால் வெட்டி, அதற்கு மெல்லிய உறை போட்டு, ஆவியை அந்த வழியே விட்டால், உள்ளே ஏறும் சூட்டை வழியிலேயே அது வாரிக்கொண்டு போய்விடும்.

"வெட்டினா தாங்குமா?" என்றாள்.

"கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்."

"போடு. இந்தத் தடவை என் கண்ணு முன்னால போடு."

கணக்கில் தாங்கியது; வாய்க்கால் வெட்டி உறையும் போட்டார்கள். அடுத்த சோதனையில் ஹீலியம் உள்ளேயே தங்க, சுருள் குளிர்ந்தது. முழு வேகத்தில் சுழலவிட்டு வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்தார்கள். கூடமே அதிர்ந்தது, குழாய் அசையவில்லை.

சாயங்காலம் ஆர்மீனியக் கோன்யாக் பிராந்தி திறந்தார்கள். கெர்மன் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "பின்னால வாய்க்கால் வெட்ட இடம் வேணும்னு யோசிச்சுத்தான் நான் குழாயத் தடிமனா வெச்சேன்," என்றான்.

ரிம்மாவுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. தீகன் சவ்விச்சின் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ரோட்டார்ல என் கையெழுத்து இல்லாம இவர் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. இப்பவே, எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

அவர் சொன்னார். கெர்மன் முணுமுணுத்துக்கொண்டே கோப்பையைக் காலி செய்தான்.