முன்தெரு வழியாகப் பொங்கல்படி

அப்பா ஐப்பசியில் இறந்தார். தை நெருங்கியபோது எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம். துக்க வீட்டில் பொங்கல் கிடையாது. ஆகவே கட்டிக்கொடுத்த தங்கை முப்பிடாதிக்குப் பொங்கல்படிச் சீர் சுமக்கிற வேலையும் கிடையாது. லீவில் ஏரல் பக்கத்து எங்கள் ஊருக்குப் போனதும், பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதை வக்கீல் தோரணையில் எடுத்துச் சொன்னேன்.

"பொங்க நமக்குத்தாம்ல கெடையாது. கெட்டிக்குடுத்தவளுக்கு உண்டுல்லா?" என்றாள் அம்மா. "படி போகலைன்னா, கேக்க நாதியத்தவன்னு அந்தத் தெருவே அவளச் சொல்லும்."

என் வழக்கு அதோடு தள்ளுபடி.

அப்பா சிவனணைந்தபெருமாள் வயலையும் வீட்டையும் தவிர எதையும் அறியாதவர். அம்மாவுக்குத் தலைவலி என்றால் வயலுக்குத் தண்ணீர் விடும் முறையைக்கூட விட்டுவிட்டு ஓடி வருவார். ஊர் சிரிக்கும். படித்தவன் என்பதால் நான் கூடுதலாகச் சிரிப்பேன். மகளுக்குப் படி கொண்டுபோகிற நாளில் மட்டும் வெளுத்த வேட்டியும் முறுக்கிய மீசையுமாகக் கல்யாண மாப்பிள்ளை போலக் கிளம்புவார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். குலசேகரன்பட்டினத்தில் முப்பிடாதி வீட்டுக்கு ரொம்ப முன்னாலேயே கரும்போடு இறங்கிவிட்டார்.

"எப்பா, ஸ்டாப்பு இன்னும் வரல."

"தெரியும்லே. எறங்கு."

தெரு முழுக்க நடந்தார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "மவ வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். வயதானால் மனிதர்களுக்கு ஸ்டாப் மறந்துவிடும் போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். என் அறிவு அவ்வளவு கூர்மை.

இப்போது என் முறை. புதுத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறங்குகிற சரக்குக்கு டன் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு கட்டுக் கரும்பைத் தூக்க எனக்கு வெட்கம். பெல்பாட்டம் பேண்ட்டோடு பஸ்ஸில் ஏறினேன். கரும்புத் தோகை ஒருவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது. பனங்கிழங்கு ஒவ்வொன்றாக உருண்டது. "வெள்ளத்துரை சார், எங்க சந்தைக்கா?" என்று எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவன் வேறு கேட்டுத் தொலைத்தான்.

சரியான ஸ்டாப்பில் இறங்கினேன். யார் கண்ணிலும் படாமல் முள்வேலியோரச் சந்தில் நுழைந்து, கொல்லைப்புறமாகப் போய், கோழி திருடுகிறவனைப் போல அடுப்படியில் கரும்பைச் சாய்த்தேன்.

சத்தம் கேட்டு வாசலிலிருந்து வந்த முப்பிடாதி முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"அண்ணே, எந்த வழியா வந்த?"

"பின்னால சந்து வழியா. கிட்டக்கல்லா?"

அவள் கரும்பைத் தொடவில்லை. "காலையிலேர்ந்து வாசல்லயே நிக்கேன். அப்பா போனதோட இவளுக்கு எல்லாம் போச்சுன்னு எதுத்த வீட்டுல பேசுதாவ. நீ இப்படிக் களவாண்டுட்டு வந்தவன் மாதிரி…" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு ஸ்டாப் மறக்கவே இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எனக்கு அவமானமாக இருந்தது. இந்த முறை பேண்ட்டுக்காக இல்லை.

மறுபடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அதே சந்து வழியாகத் திரும்பினேன். அப்பா இறங்குகிற ஸ்டாப்புக்கே போய், அங்கிருந்து தெருவுக்குள் நடந்தேன்.

"யாரு வீட்டுக்குத் தம்பி?" என்று ஒரு கடைக்கார அண்ணாச்சி கேட்டார்.

"முப்பிடாதி…" என்று முனகினேன்.

"யாரு?"

"முப்பிடாதி வீட்டுக்கு! நாந்தான் அவ அண்ணன்! பொங்கப்படி கொண்டு போறேன்!"

அதன்பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றவர்களிடமும் சொன்னேன். ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரே எழுந்து வந்து பார்த்தார். எதிர்வீட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். கரும்பு தோளில் அறுத்தது. அப்பா நினைவில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முப்பிடாதி வாசலில் நின்றாள், என்னை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவளாக. பக்கத்தில் அவள் மாமியார்.

"வாங்கண்ணே!" என்றாள், தெருமுனை வரை கேட்கும்படி. "எவ்வளவு நேரமா பாத்துக்கிட்டிருக்கேன்! பஸ்ஸு லேட்டா?"

"பஸ்ஸு இல்லளா," என்றேன் நானும் சத்தமாக. "நாந்தான் லேட்டு."