மாடியில் விளைந்த உப்பு

தன் வாய்க்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்ளாத மனிதன் அடிமை. கடைக்காரனுக்கு அடிமை, லாரிக்கு அடிமை, காலத்துக்கே அடிமை. நௌஷாத் இதை மொட்டைமாடியில், கத்தரிச் செடிகளின் முன்னிலையில், வீடியோவுக்காகச் செல்போனைப் பார்த்துச் சொன்னான். மொட்டைமாடி அவனுடைய மாமனார் முனீருடையது. மாடிக்குக் கீழே அவன் குடியிருந்த வீடும் அவருடையதுதான். பெருநாளைக்கு அவர் எடுத்துக் கொடுத்த கைலியைத்தான் கட்டியிருந்தான்.

நாவலூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கேளம்பாக்கத்து வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவன். மழை விட்டதும் நட்ட தக்காளி தை மாதத்தில் காய்த்தது. தின்று மிஞ்சியதை அரிந்து மாசி வெயிலில் காயவைத்தான். கத்தரி வற்றலாயிற்று, எலுமிச்சை ஜாடிக்குள் போயிற்று. எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியவள் மனைவி ருக்சானா. வீடியோவில் அவள் வரமாட்டாள். அவள் ஊற்றும் தண்ணீர் வரும்.

இந்த மாடிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ருக்சானாவின் அண்ணன் ஷபீருக்குக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை. சரக்கு வைக்க இடமில்லை, மாடியில் தகரக் கொட்டகை போட்டுக்கொள்கிறேன் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். செடி வைத்த தொட்டிகளும் அவன் கடையில் வாங்கியவையே என்பதால் அவற்றை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார் என்றும் சொன்னான். இருவர் பேச்சையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முனீர், ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறந்த பிறகு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

நௌஷாத் அங்கேயே சவால் விட்டான். அன்றைக்கு நோன்புக் கஞ்சி தன் கையால், கடைச் சாமான் ஒன்றுகூட இல்லாமல். வாய்க்கு விளங்காவிட்டால் மாடியை மச்சானே வைத்துக்கொள்ளட்டும்.

அரிசி மதுராந்தகத்து நண்பன் ஒருவனிடம் வற்றல் கொடுத்து வாங்கியது. பண்டமாற்று கடைச் சாமானில் சேராது என்று தீர்ப்பும் அவனே எழுதிக்கொண்டான். மிஞ்சியது உப்பு. கோவளம் கடற்கரையிலிருந்து கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து, அகலத் தட்டுகளில் ஊற்றி மாடியில் காயவிட்டான். கோவளம் சாலையோரத்து உப்பளங்களில் உப்பு படிந்ததும் மேலே நிற்கும் கசப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். அவ்வழியே போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறான். வீணடிப்பு என்று நினைத்துக்கொண்டான். தன் தட்டுகளில் கடைசிச் சொட்டுவரை வற்றவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கஞ்சி கொதிக்கத் தொடங்கியது. நோன்பாளி ருசி பார்க்க முடியாது. நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்றாலும் அந்த வீட்டுப் பெண்களுக்கு அதில் மனம் ஒப்பாது. அதனால் வருஷா வருஷம் ஒரு வழக்கம். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பிரிசில்லாவுக்கு ஒரு கரண்டி கஞ்சி படியிறங்கிப் போகும். உப்பு கம்மி, காரம் தூக்கல் என்று பதில் மேலே வரும். அன்றைக்கு அவளே டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். சர்ச்சில் பெண்கள் கூட்டம் இருக்கிறது, அதற்குள் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

நௌஷாத் மரியாதையாகத் திருப்பி அனுப்பினான்.

ருக்சானா அடுப்பை விட்டு நிமிர்ந்தாள். "அவள ஏன் அனுப்சீங்க?"

"அடுத்தவங்க நாக்க கடன் வாங்கிகினு இன்னா தற்சார்பு?"

"அப்ப உப்பு யாருக்குத் தெரியும்?"

"வாசனைலயே தெரியும்."

ருக்சானா, மாடி போனால் தன்னைக் கேட்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் புதினாத் துவையல் அரைக்கப் போனாள்.

நௌஷாத் குனிந்து ஆவியை முகர்ந்தான். கஞ்சி வாசனை வந்தது. உப்புக்கு வாசனை கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டு உப்பு மென்மையாக இருக்கும் என்று ஒரு பிடி போட்டிருந்தான். போதாதோ என்று இன்னொரு பிடி போட்டான். கூடிவிட்டதோ என்று தண்ணீர் விட்டான். நீர்த்துப்போனதாகத் தோன்ற, மறுபடி உப்பு. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஷபீர் சுவர் அளவைப் பற்றி முனீரிடம் பேசுவது கேட்டது. பள்ளிவாசல் கஞ்சித் தூக்கை ஷபீர் வழக்கம்போல வாங்கிவந்து மூலையில் வைத்திருந்தான். அதைத் தொடக்கூடாது என்று நௌஷாத் எல்லாரிடமும் முன்பே சொல்லியிருந்தான்.

கடைசியில் ஒரு கரண்டிக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, துண்டால் மூடி, பின்கட்டுப் படி வழியாக ஓசைப்படாமல் இறங்கினான். பிரிசில்லா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

கிண்ணத்தோடு திரும்பி வந்தவனை ருக்சானா பார்த்தாள். பார்த்துவிட்டுத் துவையலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

எல்லாரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்த ஷபீர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எந்தத் தொட்டில காச்சது மச்சான்?"

நௌஷாத்தின் கண் மாமனார் கையிலிருந்த டம்ளர் மீது இருந்தது. முனீர் பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் குடித்தார். குடித்தது தொண்டையில் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கஞ்சில இன்னா மருந்து போட்டீங்க மாப்ள?"

தாதுச்சத்துகள் என்று தொடங்கினான் நௌஷாத். அதற்குள் தானும் ஒரு வாய் குடித்துவிட்டதால் பேச்சு நின்றது. கரிப்பு ஒரு பக்கம். அதற்கு அடியில் வேப்பெண்ணெய் மாதிரி ஒரு கசப்பு, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கோவளத்தயே கொண்டாந்துட்டாரு அத்தா," என்றான் ஷபீர். "ஒரு மீன்தான் பாக்கி."

ருக்சானா எழுந்து போய் மூலையிலிருந்த தூக்கைத் திறந்தாள். கேட்காமலே எல்லாருக்கும் பள்ளிவாசல் கஞ்சியை ஊற்றினாள். முனீர் அதைக் குடித்தார், புதினாத் துவையலைத் தொட்டுக்கொண்டார், மறுபடியும் தொட்டுக்கொண்டார். துவையல் எந்த உப்பில் அரைத்தது என்று கேட்டார். அடுக்களை டப்பாவில் இருக்கும் பாக்கெட் உப்பு என்றாள் ருக்சானா.

முனீர் கையைத் துடைத்துக்கொண்டார். நௌஷாத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஷபீரு, பெருநாள் கழிச்சி கொட்டாய போட்டுக்க. புதினாத் தொட்டி மட்டும் கீற எடத்துலயே இருக்கட்டும்."

மேலே தக்காளிச் செடிகளைக் கட்டிய குச்சிகள் கடற்காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. மஃரிப் தொழுகைக்கு எழுந்துகொண்டே, ஆரோக்கியம் என்பது முதலில் கசக்கத்தான் செய்யும் என்று நௌஷாத் பொதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

தூக்கில் இருந்த பள்ளிவாசல் கஞ்சியில் மூன்று டம்ளர் அவன்தான் குடித்திருந்தான்.