பாசி ஏறாத சுவர்

உயிர் பிரிந்து குளிர்ந்துபோன ராத்தாவின் வலது கையை ஏந்திப் பிடித்துக்கொண்டு ஸுல்பிகா மெதுவாகத் தண்ணீர் வார்த்தாள். வலப்பக்கம்தான் முதலில் என்று மையித்துக் குளிப்பாட்ட வந்திருந்த பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். இலந்தை இலை ஊறிய தண்ணீர் விரல்களுக்கு இடையில் இறங்கி வழிந்தது. விரல் நுனிகள் தோல் உரிந்து வெளிறிப் போயிருந்தன. ராத்தாவுக்கு இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கூடப்பிறந்த மூத்தவளின் கை எப்படி இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் இரண்டு மாரிக்காலம் போய்விட்டது என்பது அப்போதுதான் சுரீரென்றது.

கல்முனைக்குடியில் வாப்பா விட்டுப்போன ஒரே வளவில், பக்கத்தில் பக்கத்தில் சீதன வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் இருவரும். ஒரே அளவு உடம்பு. குமர்ப்பிள்ளைகளாக இருந்தபோது பெருநாள் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். அவர்களைப் பிரித்தது மழைத்தண்ணீர். ராத்தா உம்முவின் கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் நேரே ஸுல்பிகாவின் பக்கச் சுவரில் தெறித்தது. சுவர் பச்சை பிடித்து, பிறகு கறுத்து, உள்பூச்சும் பொரிந்துவிட்டது. தண்ணீரை ஏந்தி வழித்துவிடக் கூரைக்கு ஒரு பீலி போடச் சொன்னாள். உம்முவின் கணவர் அதாவுல்லா போடுகிறேன் போடுகிறேன் என்று நாளைக் கடத்தினார். பொறுத்துப் பார்த்தவள் ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னால், “ஒரு பீலி போட வக்கில்லாத மனிசன்” என்று சொல்லிவிட்டாள். வந்ததே ரோஷம் அவருக்கு! மழை அல்லாஹ் தருவது, விழுகிற இடத்தில் விழட்டும் என்று இருந்துவிட்டார். அன்றோடு கதை நின்றது. இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்த படலையை ஸுல்பிகாதான் ஆணியடித்து மூடினாள்.

பிறகு, பாசி பிடிக்காத பெயின்ட் என்று ஒன்றை வாங்கி அந்தச் சுவருக்கு அடிப்பித்தாள். சுவரின் வெளிப்புறம் உம்முவின் பக்கம்; எட்டிப் பார்க்க ஜன்னல் கம்பி தலையை வெளியே விடாது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு கையை மட்டும் விட்டுத் தடவிப் பார்ப்பாள். வழுக்கலே இருக்காது. பெயின்ட் என்றால் இதுதான் பெயின்ட் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, பள்ளி ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் முடியுமுன்பே, அதாவுல்லா அவளுடைய வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“ஸுல்பிகா, ராத்தா போய்த்தா. அவவால உங்களுக்கு மனவருத்தம் ஏதும் இரிந்தா பொறுத்துக்கோங்க. அவட ஜனாஸாவுக்காகக் கேக்கன்.”

“நான் அதெல்லாம் எப்பயோ மன்னிச்சித்தன் மச்சான்.”

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனாலும், நான் பெரிய மனதுக்காரி என்ற ஒரு நினைப்பு அந்த அழுகைக்குள்ளும் வந்து குந்திக்கொண்டது.

கபன் துணி சுற்றி மையித்தை உள்ளே கொண்டுபோன பிறகு, குளிப்பாட்டிய இடத்துக்கு மறைப்பாக உம்முவின் பின்வளவைச் சுற்றிக் கட்டியிருந்த விரிப்புகளை அவளும் உம்முவின் மகள் நஸ்லியாவும் அவிழ்த்தார்கள். கடைசி விரிப்பு இறங்கியதும், அதுவரை அதன் பின்னால் இருந்த தன் வீட்டுச் சுவரை ஸுல்பிகா கண்டாள். மேலே கூரைவரை கறுத்த பாசி. கீழே, ஜன்னலடியையும் சேர்த்து, சுவரின் முழு நீளத்துக்கும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில், கை வீசிய வீச்சில், வளைந்து வளைந்து போன ஒரு கோடு. சுவரடியில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று, தேய்ந்த பிரஸ் ஒன்று, குளோரின் தூள் போட்டு வைத்த பால்மா டின்.

“இது ஆரு புள்ள செஞ்ச?”

“உம்மாதான் சாச்சி. மழ விட்ட கையோட குளோரினக் கரைச்சித்து வந்து ஸ்டூல்ல இருந்திருவா. பாசி வேர் புடிக்க முந்தி உரஞ்சணும், புடிச்சித்தெண்டா விடாது எண்டுவா. கை புண்ணாகுது உம்மா எண்டா கேக்கவே மாட்டா.”

“பீலி போட்டிருந்தா…”

“வாப்பா விட்டாத்தானே. வாப்பா கடைக்குப் போன பொறகுதான் இந்த வேல நடக்கும். முழங்கால் ஏலாது, எழும்பி நிக்க மாட்டா. இருந்த இடத்துல எட்டின மட்டும்தான்.”

“எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லப்படாதா?”

நஸ்லியா விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்: “உங்கட கை ஜன்னலால வாறதக் கண்டா பிரஸ்ஸ வச்சித்து மூச்சுக்காட்டாம இருப்பா. நீங்க தடவிப் பாத்துத்து கைய எடுத்த பொறகு, ஒரு சிரிப்பு.”

ஸுல்பிகாவால் அங்கே நிற்க முடியவில்லை. காலையில் வாசலில் வைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருந்தால் அந்த நிமிடமே எடுத்திருப்பாள்.

அஸர் தொழுகைக்கு முன் கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அத்தர் மணத்தது. ஸுல்பிகா குனிந்து, “ராத்தா, என்னப் பொறுத்துக்க” என்று காதோடு சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். ராத்தாவுக்காகக் கேட்க மச்சான் வந்தார். ராத்தாவுக்காகப் பதில் சொல்ல இனி யார் இருக்கிறார்கள்? பின்னால் நின்ற பெண்கள் தோளைத் தொட்டுத்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

ராத்தாவைச் சுமந்துபோன சந்தூக்கு தெருமுனை திரும்பியதும் மழை பிடித்தது. அடித்து ஊற்றிவிட்டு அதே வேகத்தில் ஓய்ந்தது. மையவாடிக்குப் போன ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. கூரையிலிருந்து சுவரில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸுல்பிகா டின்னில் இருந்த தூளை வாளித் தண்ணீரில் கரைத்தாள்.

நஸ்லியா ஓடி வந்தாள். “சாச்சி, மையித்து ஊடு. இண்டைக்கு இது என்னத்துக்கு?”

“நாளைக்கெண்டா வேர் புடிச்சிரும் புள்ள.”

ஸ்டூலில் உட்கார்ந்து, பிரஸ்ஸை நனைத்துக் கையை மேலே நீட்டினாள். அது சரியாக அந்தக் கோட்டில் போய் நின்றது. அதற்கு மேல் எட்டவில்லை.