அண்ணன் உட்கார்ந்த பக்கம்

கனடாவின் சஸ்கட்டூன் நகரசபை எங்களுக்கென்று ஆற்றோரப் பூங்காவில் கூடாரம் போட்டு, எங்கள் நினைவுநாளுக்கென்று ஆரஞ்சுச் சட்டை போட்டவர்களை ஊர் கொள்ளாமல் கூட்டியிருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துப்போய் அடைத்த விடுதிப் பள்ளியில் அகப்பட்டு உயிரோடு மிஞ்சிய எங்களுக்கு முன்வரிசை மரியாதை. அந்த மரியாதை யாருக்கு வேண்டும்! வடக்கே ஏரிக்கரையிலிருந்து என் அண்ணன் ஆம்ப்ரோஸ் வருகிறான் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். ஒரு நாளாவது அவன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பள்ளியில் ஒரே சாப்பாட்டுக்கூடம். ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பேச்சே கூடாது. மற்ற அண்ணன்மார் பயந்து பயந்தாவது கண்ஜாடை காட்டுவார்கள். என் அண்ணன் கஞ்சித் தட்டைவிட்டு முகத்தை எடுக்கவே மாட்டான். அவனுடைய மொட்டைத் தலையைப் பார்த்தே நான் வளர்ந்தேன். வெளியே வந்த பிறகும் கல்யாணத்துக்கு வந்தான், சாவுக்கு வந்தான், குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம் ஆறவே இல்லை. கோபம் என்ன கோபம், எல்லாம் ஏக்கம்தான்.

வட்டமாக உட்கார்ந்து புகையிலைக் குழலைக் கைமாற்றும் எங்கள் புகைக்குழல் சடங்கை நடத்த வந்தவன் கில்பர்ட். எனக்கு மாமன் மகன், கேலி பேசுகிற முறை.

"ஆம்பளைங்க வடக்கே, பொம்பளைங்க தெக்கே. நீ பாட்டுக்கு என் மடியில வந்து உக்காந்துடாத" என்றான்.

"உன் தொப்பைக்கே அங்க இடம் பத்தல. இதுல நான் வேறயா?"

சிரித்துக்கொண்டே தெற்கே போனேன். இன்றைக்கும் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இது எங்கள் முன்னோர் வகுத்த முறை, பள்ளியில் கன்னியாஸ்திரிகள் போட்ட கோடு இல்லை. புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்டால்தானே! எதிரே அண்ணன் வந்து உட்கார்ந்தான். தலையெல்லாம் நரை. அதே மாதிரி குனிந்துகொண்டான்.

கில்பர்ட் குழலில் புகையிலை நிரப்பப் போகும்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்துவிட்டான். குறுக்கே வராமல், முறைப்படி சூரியன் போகிற வழியாகவே வட்டத்தைச் சுற்றி, மடக்கு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றான் கில்பர்ட்.

"அங்க வெயிலு. கண்ணு கூசுது."

வானம் மூடிக்கிடந்தது. கில்பர்ட் அண்ணாந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஆமாமா, கொளுத்துது. உக்காரு."

அண்ணன் என் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். என்னால் அடக்க முடியவில்லை.

"பள்ளிக்கூடத்துல ஒரு தடவகூட நீ என்னப் பாக்கலியேண்ணே."

"வந்த புதுசுல எம் பக்கத்துப் பையன் பாத்துட்டான். அவன் தங்கச்சிய நிக்கவச்சு வாரால அடிச்சாங்க. அவன அடிக்கல, அவளத்தான். அப்புறம் எனக்குத் தலையத் தூக்கவே வரல."

இதையும் மடியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். நான் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"இனிமே என்ன யாரும் அடிக்க மாட்டாங்க. பாருண்ணே."

பார்த்தான். அண்ணனுக்கு எங்கள் அம்மாவின் கண்கள். எழுபது வயசில்தான் எனக்கு அது தெரிந்தது.