கடைசி மடி

எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டை வந்தபோது எங்கள் பரளச்சிக் கரிசலில் ஒரு குண்டும் விழவில்லை. முதலாளி சங்கரலிங்கத்தின் உத்தரவுதான் விழுந்தது.

அவருடைய கிணற்றுத் தோட்டத்து எலுமிச்சம்பழம் தூத்துக்குடியில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போகும். பறிக்கிற பெண்கள் நாங்கள் சேலை மடியில் கட்டி வந்து லாரியில் கொட்டுவோம். லாரி கிளம்பிய பிறகு ஆளுக்கொரு மடி எங்களுக்காகப் பறித்துக்கொள்ளலாம். அவர் அப்பா காலத்து வழக்கம் அது. பாளையம்பட்டிக் கடையில் அந்தப் பழத்தைப் போட்டுத்தான் உப்பும் கம்பும் வாங்குவோம்.

"சண்டைக் காலம். இனிமே கடைசி மடி கிடையாது" என்றார் முதலாளி. நாட்டுக்காக எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்குப் புலம்பத்தான் தெரிந்தது. கூடப் பறிக்கிற குருவம்மாள் புலம்பவில்லை. நிறைந்த மடியோடு வந்தவள், கொட்டாமல் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பிறகு அத்தனை பேரும்.

"அவுத்துக் கொட்டுங்கலே!" என்று முதலாளி தன் ஆட்களை ஏவினார். பொம்பிளை மடியில் எந்த ஆம்பிளை கை வைப்பான்? எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

டிரைவர் வெள்ளத்துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சண்டைக்காக, துறைமுகத்துப் பக்கம் இருட்டினால் விளக்குப் போடத் தடை. "மொதலாளி, இப்பக் கிளம்பலேன்னா இன்னைக்கு லோடு போய்ச் சேராது. தோணி நமக்காக நிக்காது."

முதலாளி எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். "எல்லையில அவனவன் உசுர விடுறான். உங்களுக்கு மடிப் பழம் கேக்குதா?"

குருவம்மாள் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லையில நிக்கிறது எம் புருசன், மொதலாளி. அவுக சம்பளத்துல சர்க்காரே கை வைக்கல. நீங்க எம் மடியில கை வைக்கிறீக."

முதலாளியின் முகம் தொங்கிப்போனது. அவருடைய ஆட்களே அவரைப் பார்க்கவில்லை.

"சரி, எடுத்துக்கிடுங்க" என்று முனகினார்.

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. எப்பவும்னு சொல்லுங்க" என்றாள் குருவம்மாள்.

"எப்பவும்!" என்று கத்தினார். அந்தக் கத்தலைப் போல இனிப்பான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மடிகளைக் கொட்டினோம். இருட்டுமுன்னே லாரி கிளம்பிப் போனது.

பிறகு நிதானமாக எங்கள் மடியைப் பறித்தோம். முள் கீறியதுகூடத் தெரியவில்லை. நடையைக் கட்டும்போது குருவம்மாள் மடியை இறுக்கி முடிந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அங்க ஜெயிச்சாரா என்னன்னு தெரியல. வரட்டும், நான் ஜெயிச்சதை மொதல்ல சொல்றேன்."