இடைவேளைக்கு வருகிறவர்கள்

என் அப்பா ஒரு சண்டைப் படத்தில் இருக்கிறார். அவர் நடிகர் இல்லை. பட்டாளத்துக்குப் போனவர். போய்ச் சேர்ந்த இடம் அந்தப் படம்.

எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள். படம் பங்கஜம் டாக்கீஸில் ஓடுகிறது. மேட்னி மட்டும். குடும்பங்கள் தினமும் மேட்னிக்குப் போகின்றன.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். பள்ளிக்கூடமும் மேட்னியும் ஒரே நேரத்தில் நடந்தன. ஹெட்மாஸ்டர் இதில் குற்றம் காணவில்லை. அவருடைய மருமகனும் படத்தில் இருந்தார்.

படத்தில் ஒரு பனிமலை வரும். மலைமேல் ஒரு பாறை. பாறையின் பக்கத்தில் காவலுக்கு நிற்பவர் அப்பா. கம்பளி மஃப்ளர் முகத்தை மூடியிருக்கும். அவர்தான் என்று அம்மாதான் கண்டுபிடித்தாள்.

"எடது கால அகட்டி வெச்சிக்கினு நிக்கறாரு பாரு. கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் நின்னாரு."

இடைவேளை விட்டால் ஒருவருக்கு லீவு. திரைக்குப் பக்கத்தில், துடைப்பம் வைக்கிற இடத்தில், ஒரு சின்னக் கதவு உண்டு. லீவில் வருகிறவர் அதன் வழியாகக் குனிந்து வெளியே வருவார். பூட்ஸில் பனி ஒட்டியிருக்கும். அவர் எந்தக் குடும்பத்தின் பெஞ்சில் போய் உட்காருகிறாரோ அந்தக் குடும்பம் சோறு போட வேண்டும். வந்தவர் யாராக இருந்தாலும் சொந்த ஆளைப் போலவே நடத்த வேண்டும். நீங்கள் யார் என்று கேட்கக்கூடாது. எங்கள் ஊர் வழக்கம் இது.

மணி அடித்ததும் அவர் கதவுக்குள் போய்விடுவார். நாங்கள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் படம் பார்ப்பதில்லை. இதுவும் வழக்கம்தான். மீதிப் படத்தை ஆபரேட்டர் துரைக்கண்ணு காலி பெஞ்சுகளுக்கு ஓட்டுவார்.

முன் பெஞ்சில் செங்கமலம் அத்தை உட்காருவாள். அவள் வீட்டுக்காரர் இடைவேளைக்கு முன்பே குண்டடிபட்டுச் சாகிறார். அதனால் அவருக்கு லீவு கிடையாது. அத்தை தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவாள். அவர் விழுகிற இடம் வந்ததும் பூவை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். மறுநாள் அதே பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். பூ வாடுவதில்லை.

ஒருமுறை அம்மா அவளிடம் கேட்டாள்.

"தெனம் எதுக்குக்கா வெச்சிக்கினு வர்ற?"

"படம் ஆரம்பிக்கும்போது அவர் உசுரோடதானே கீறாரு" என்றாள் அத்தை.



லீவு முறைப்படி வரும். அப்பாவின் முறையும் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் மட்டும் வரவில்லை. முறை வரும்போதெல்லாம் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். அப்படி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் நேராக எங்கள் பெஞ்சுக்கு வருவார்கள்.

நரசிம்முலு சித்தப்பா அப்படித்தான் வந்தார். ஆந்திர எல்லையில் குப்பம் பக்கத்துக்காரர். அங்கே அண்ணியை வதினா என்பார்கள். மீசையில் பனி இருந்தது. உட்கார்ந்ததும் அம்மாவைப் பார்த்து, "வதினா, களியா, சோறா?" என்று கேட்டார்.

"களிதான் தம்பி."

"வேர்க்கடலத் தொவையல் இருக்குமே. மூணாவது அடுக்குல."

தூக்குச்சட்டியின் மூன்றாவது அடுக்கில் இருந்தது.

அவருக்கு எங்கள் வீட்டில் எல்லாம் தெரிந்திருந்தது. உப்பு ஜாடியில் விளிம்பு உடைந்திருப்பது, பின்கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்பது. பனி பெய்யும்போது வேறு வேலை இல்லையாம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைச் சொல்வார்களாம். இப்போது யார் எந்த வீட்டுக்கும் போகலாமாம்.

"உங்க ஊட்டுக்குப் போவக்கூடாதா தம்பி? அவங்களும் பாத்துக்கினு இருப்பாங்களே" என்றாள் அம்மா.

"எங்க ஊர்ல இன்னும் இந்தப் படம் வரல வதினா. அதான் இங்க வந்தேன்."

பிறகு என்னைத் தேடினார். நான் அவர் முன்னால்தான் நின்றேன். அவர் என் முழங்கால் உயரத்தில் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"ரத்னம் நீதானா? வாயத் தொறக்கமாட்டியாமே. உங்க அப்பா சொன்னாரு."

நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கவுனை எடுத்தார். அப்பா கொடுத்தனுப்பியது. மஞ்சள் பூப்போட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கான கவுன். அப்பா போகும்போது எனக்கு ஆறு வயது. வருகிறவர்கள் எல்லாரும் அதே அளவில்தான் கொண்டுவந்தார்கள். வீட்டில் ஒரு டிரங்குப்பெட்டி நிறைய இருந்தது.

நான் கவுனைத் தோளில் வைத்துப் பார்த்தேன். அது நெஞ்சுக்குக் கீழே வரவில்லை.

"சரியா இருக்கு" என்றேன்.

"சொல்லிடறேன்" என்றார். மணி அடித்தது.

துரைக்கண்ணு எல்லாரிடமும் டிக்கெட் கேட்பார். செங்கமலம் அத்தையிடம் கேட்கமாட்டார். எங்களிடமும் கேட்கமாட்டார். அம்மா இதை மரியாதை என்று நினைத்தாள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். இடைவேளைக்குப் பிறகு உள்ள படத்தை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

புதன்கிழமை அவர் வாசலில் எங்களை நிறுத்தினார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தூக்குச்சட்டியைப் பார்த்துப் பேசினார்.

"வெள்ளிக்கெழம படத்த எடுத்துடறோம்."

"எங்க போவுது?"

"குப்பத்துக்கு."

"உள்ள கீறவங்க?"

"படப்பொட்டியோட போவாங்க."

அம்மா தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "நாளைக்கு அவர் மொற. வந்துடுவாரு" என்றாள். களிக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும் என்று முன்னால் நடந்துவிட்டாள்.

துரைக்கண்ணு என்னிடம் குனிந்தார்.

"உங்க அப்பாவ எடவேளைக்குள்ள வந்துடச் சொல்லு பாப்பா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அதுக்கப்புறம் அவர் வரமாட்டாரு. செங்கமலத்து ஊட்டுக்காரர் மாதிரிதான். நான் தெனம் பாக்கறேன். என்னால ஓட்டாம இருக்கவும் முடியல."

அன்று வீட்டுக்குப் போகும் தெரு நீளமாகிவிட்டது. நடந்துகொண்டே இருந்தோம். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், இடைவேளைக்குள் தேய்த்துக் குளித்துவிட முடியுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை டாக்கீஸ் நிறைந்திருந்தது. பனி வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெய்தது. முதல் வரிசையில் பெண்கள் முந்தானையில் விழுந்த பனியை உதறிக்கொண்டார்கள். செங்கமலம் அத்தை பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு டீ வரும் இடம் வந்தது. பதுங்குகுழியில் ஒரே ஒரு மக். அது கை மாறி கை மாறிப் போகும். ஒவ்வொருவரும் ஒரு வாய்தான் குடிப்பார்கள். பாறைக்குக் கடைசியாக வரும். அப்பா அதை வாங்கி, தலையைச் சாய்த்து, நிதானமாகக் குடித்தார்.

"காலி மக்கு" என்றாள் அம்மா. "குடிக்கற மாதிரி குடிக்கறாரு பாரு. கொடுத்தவன் மனசு நோவக்கூடாதுன்னு."

அதற்குப் பிறகு ஹவில்தார் அப்பாவின் தோளைத் தட்டினார். கீழே கையைக் காட்டினார். கதவு இருக்கும் பக்கம். அப்பா முடியாது என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துத் தள்ளினார். அவர் மறுத்தார். அப்பா மறுபடியும் தள்ளினார்.

விளக்கு போட்டார்கள். கதவு திறந்தது. நரசிம்முலு சித்தப்பா குனிந்து வெளியே வந்தார்.

அவர் எங்கள் பெஞ்சுக்கு வர வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நான் போவமாட்டேன்னு சொன்னேன் வதினா. அண்ணன் கேக்கல."

அம்மா தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள்.

"எனக்குக் காய்ச்சல். நாளைக்கு எங்க ஊர்ல படம். என் சம்சாரம் பாக்கும். 'இந்த மூஞ்சோட அவ முன்னால நிக்காதடா. போயி சூடா ரெண்டு வாய் சாப்ட்டு வா. எங்க ஊட்டு ஜனங்க பொறுமையா இருப்பாங்க'ன்னாரு."

டாக்கீஸில் எல்லாரும் எங்கள் பெஞ்சைத்தான் பார்த்தார்கள். வழக்கம் வழக்கம்தான். வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

"கைய கழுவிக்கோங்க தம்பி" என்றாள் அம்மா. இரண்டு உருண்டை வைத்தாள். குழம்பை ஊற்றினாள்.  எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

சித்தப்பா கோட்டுக்குள்ளிருந்து கவுனை எடுத்துக் கொடுத்தார். நீலப் பூப்போட்டது. தோளில் வைத்துப் பார்த்தேன்.

"சரியா இருக்கு" என்றேன். அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"எங்கடி போற?"

"கை கழுவ."

நான் சாப்பிடவில்லை. அம்மா அதைக் கேட்கவில்லை.

துடைப்பத்தை நகர்த்திவிட்டுக் கதவுக்குள் போனேன். திரைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் அதில் வெகுதூரம் நடந்தேன். சுவர் மலையானது. செருப்பில் பனி ஏறியது. வழியில் இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒருவர், "பின்கதவத் தூக்கித்தானே சாத்தினீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அப்பா பாறையின் பக்கத்தில் நின்றார்.

"யாரு?"

"நான்தான்."

அவர் கீழே தேடினார். என் முழங்கால் உயரத்தில்.

"கொஞ்சம் மேல பாருங்க" என்றேன்.

மேலே பார்த்தார். மஃப்ளரை இறக்கினார். அவர் வாய் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

"வளந்துட்டியா?"

"ஆமா."

"யாரக் கேட்டு?"

"நீங்க இல்ல. அதனால யாரையும் கேக்கல."

அவர் தலையாட்டினார். இடுப்பில் இருந்த கவுனைப் பார்த்தார். "அப்ப அது?"

"சரியா இருக்கு" என்றேன்.

அவர் கவுனின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா எண்ணெய் கொண்டாந்திருக்கு. வாங்க."

"பாறைய உட்டுட்டு எப்படி வர்றது? ஆள் கொறையும்."

"நான் நிக்கறேன்."

அந்த நேரத்தில் மணி அடித்தது. நரசிம்முலு சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஹவில்தார் வரிசையாகத் தலையைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். என் தலையையும் தொட்டார்.

"ஒருத்தர் அதிகம்" என்றார்.

மறுபடியும் எண்ணிப் பார்த்தார்.

"அதிகமா இருக்கறவர் ஊட்டுக்குப் போவலாம்."

"மணி அடிச்சாச்சே" என்றார் அப்பா. "லீவு முடிஞ்சி போச்சே."

"இது லீவு இல்ல தணிகாசலம். இது அதிகம்."

அப்பா கோட்டைக் கழற்றினார். எனக்குப் போட்டுவிட்டார். மஃப்ளரைச் சுற்றி மூக்குவரை ஏற்றிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதைப் போலத் தலையைத் தடவினார்.

"எடது கால அகட்டி வை. காத்து அந்தப் பக்கமிருந்து தள்ளும்."

அகட்டி வைத்தேன். அவர் இறங்கிப் போனார். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதால் இரண்டு முறை தடுக்கி விழப்பார்த்தார்.

பாறையிலிருந்து டாக்கீஸ் நன்றாகத் தெரிந்தது. விளக்கு அணைந்துவிட்டது. எல்லாரும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா எங்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைத் தேடினாள். பிறகு திரையைப் பார்த்தாள். வழக்கப்படி எழுந்தாள். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் போன பிறகு வந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள். வாசல்வரை போன செங்கமலம் அத்தை திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குண்டு வரவேண்டிய இடத்தில் வந்தது. நான் விழுந்தேன். வலிக்கவில்லை. கழுத்து வழியாகப் பனி உள்ளே போயிற்று.

நரசிம்முலு சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "கனமே இல்லியே" என்றார்.

"இன்னிக்கு சாப்டல" என்றேன்.

தோளிலிருந்து டாக்கீஸ் தலைகீழாகத் தெரிந்தது. அப்பா எழுந்து நின்றிருந்தார். செங்கமலம் அத்தை மடியில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி அம்மாவின் கையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை படப்பெட்டியோடு பஸ்ஸின் மேல் போனோம். குப்பத்தில் படம் போட்டார்கள். நான் எழுந்து பாறையின் பக்கத்தில் நின்றேன். பனி பெய்தது. மக் கை மாறி கை மாறி வந்தது. எனக்கு வரும்போது காலியாக இருந்தது. நிதானமாகக் குடித்தேன்.

ஹவில்தார் என் தோளைத் தட்டினார்.

"பாறை ஆளோட மொற. லீவு."

அப்பா வெளியே போனது லீவு இல்லையாம். அதனால் முறை அப்படியே இருந்ததாம். கதவைத் திறந்தால் எதிரிலேயே எங்கள் ஊர் பஸ் நிற்கும். ஏறினால் திரும்பி வர வேண்டியதில்லை. பாறையில் நரசிம்முலு சித்தப்பா நிற்பார். குண்டும் அவருக்குத்தான் வரும். பாறைக்கு அடுத்தவர் அவர்தான்.

அவர் என்னைப் பார்க்காமல் தலை வாரிக்கொண்டிருந்தார். நான்காவது பெஞ்சில் ஒரு பெண் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள்.

"கெளம்பு அம்மாடி" என்றார். "ஊட்ல பாத்துக்கினு இருப்பாங்க. நான் நின்னுக்கறேன். தல வாரிட்டேன், பாரு. நின்னாலும் நல்லாத்தான் தெரிவேன்."

நான் மஃப்ளரை இறக்கினேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை.

"எங்க ஊட்டு ஜனங்க பொறுமையா இருப்பாங்க சித்தப்பா. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் மறுத்தார். கையைப் பிடித்துத் தள்ளினேன். மறுபடியும் தள்ளினேன். இடுப்பிலிருந்த நீலக் கவுனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

விளக்கு போட்டார்கள். அவர் குனிந்து வெளியே போனார். நான்காவது பெஞ்சின் முன்னால் போய் நின்று, முழங்கால் உயரத்தில் தேடினார். மகள் எழுந்து நின்றாள். அவரைவிட உயரமாக இருந்தாள். அவர் கவுனை நீட்டினார்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். தோளில் வைத்துப் பார்த்தாள். நெஞ்சுவரைகூட வரவில்லை. அவள் ஏதோ சொன்னாள். அங்கே பேசுவது திரைக்குள் கேட்காது. எனக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

மணி அடித்தது. சித்தப்பா திரும்பி ஓடி வந்தார். விளக்கு அணைந்தது. அந்த ஊரில் யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் இடது காலை அகட்டி வைத்தேன்.