ஒரு சொட்டு கூடின நீலம்

"பெட்டிய அந்தச் சுவரோட ஒட்டித் தள்ளாதீங்க" என்றார் சோலைச்சாமி. ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் தயங்கினார்கள். பொண்டாட்டி செத்துக் கிடக்கையில் மனுஷனுக்குச் சுவர் கவலையா என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது.

சுவரில் மேலும் கீழுமாக இரண்டு நீலத் திட்டுகள். ஆவுடைத்தாய் கோவில்பட்டிக்கு டவுன் பஸ் ஏறிப் போய், இரண்டு சின்ன டப்பா வாங்கி வந்து தன் கையாலேயே பூசிப் பார்த்தது. மேலே வெளிர்நீலம். கீழே அதைவிட ஒரு சொட்டு கூடினது. தினமும் காப்பியைக் கொடுத்துவிட்டு எது நல்லாயிருக்கு என்று கேட்பாள். பருத்தியைக் கிள்ளிப் பார்த்தே ரகம் சொல்லிவிடுகிற மனுஷன், ரெண்டும் ஒண்ணுதான் என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நேற்று மத்தியானம் நெஞ்சு வலிக்கிறதென்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை.

இப்போது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது அந்த நீலங்கள்தான். விடிந்ததிலிருந்து பார்த்ததில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாள் இந்தக் கண் எங்கே போயிருந்தது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தி வீட்டுக்கு வர்ணம் அடித்தாக வேண்டும். துட்டி கேட்க வந்த பெயிண்டர் பூவனநாதன் வாசலில்தான் நிற்கிறார். முந்தாநாள் கீழதையே அடிச்சிருவோம் என்று ஆவுடைத்தாய் சொன்ன ஞாபகம். மனசோடு சொன்னாளோ என்னவோ, அவர்தான் முகத்தைப் பார்க்கவில்லையே. தப்பானதைச் சொல்லிவிட்டால் மிச்ச காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, நீர்மாலை எடுக்க எல்லோரும் கிணற்றுக்குக் கிளம்பியதும், தாயோடு இருந்த மகள் மாரிச்செல்வியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அம்மைக்கு எது புடிச்சுது?"

"மேல உள்ளதுதாம்ப்பா."

"பெறவு எதுக்குக் கீழதச் சொன்னா?"

மாரிச்செல்வி எழுந்து போய் வெளிர்நீலத்தைத் தொட்டுக் காட்டினாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை.

"ஒங்க எண்ணெயத் தொட்டு ரெண்டுலயும் வச்சுப் பாத்தா. நீங்க தலைக்கு எண்ணெ வச்சிட்டு சாயுத எடம்லா. கீழதுல கறை தெரியல. அதுக்குத்தான்."

சோலைச்சாமி கிட்டத்தில் போய்க் குனிந்தார். கூடின நீலத்திலும் அந்த விரல் இருந்தது. தேடினால்தான் தெரிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்து, விளக்கைக் கும்பிட்டுவிட்டு ஆளாளுக்குச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். எந்த நீலம் அண்ணாச்சி என்று பூவனநாதன் மெதுவாகக் கேட்டார்.

"மேல உள்ளது."

அது சீக்கிரம் அழுக்காயிருமே என்றார் அவர், தொழில் பழக்கத்தில்.

ஆவுடைத்தாயின் தம்பி தங்கப்பாண்டி அவர் தோளைத் தொட்டு, "நேத்துலேர்ந்து தூங்கவேயில்ல நீங்க. கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க அத்தான்" என்றார்.

அன்றைக்கு அவர் தலையில் எண்ணெயே கிடையாது. சோலைச்சாமி சுவரைவிட்டு ஒரு சாண் முன்னால் நகர்ந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார்.